மந்திரி குறித்த தேதி

ஐம்பத்தைந்து லட்சம் கன அடி ஹைட்ரஜனுக்கு அடியில் சாய்ந்து உட்கார்ந்து நிம்மதியாகச் சுருட்டுப் பிடிக்க ஓர் அறை வேண்டும் என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றாது. நாம் சாமானியர்கள். பிரிட்டிஷ் அரசாங்கத்துக்குத் தோன்றியது. ஆர்101 என்ற ஆகாயக் கப்பலில், தீப்பிடிக்காதபடி கல்நார் பதித்து, ஒரே சமயத்தில் 24 கனவான்கள் புகைவிட வசதியாக அந்த அறையைக் கட்டினார்கள். கப்பலை எரித்தது அந்த அறை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுருட்டின் மீது பழி வேண்டாம். கப்பலை எரித்தது ஒரு தேதி.

ஆகாயக் கப்பல் என்பது தொடக்கத்தில் தனி மனிதர்களின் பைத்தியம். 1852-ல் பிரான்சில் ஹென்றி ஜிஃபார் மூன்று குதிரைச் சக்தி நீராவி என்ஜின் ஒன்றை வாயுப் பைக்கு அடியில் தொங்கவிட்டு 27 கிலோமீட்டர் போனார். காற்று எதிர்த்ததால் வந்த வழியே திரும்ப முடியவில்லை. 1884-ல் ரெனாரும் கிரெப்ஸும் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து காட்டினார்கள். 1900-ல் ஜெர்மனியின் செப்பலின் பிரபு கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு மேலே தன் முதல் கப்பலைக் கிளப்பினார். எட்டு வருடம் கழித்து அவருடைய நாலாவது கப்பல் எரிந்து போனபோது ஜெர்மன் மக்களே காசு திரட்டிக் கொடுத்தார்கள். இவர்களெல்லாம் சொந்தக் கையைச் சுட்டுக்கொண்டு தொழில் கற்றவர்கள். அடுத்தவன் கையைச் சுட்டுத் தொழில் கற்பது அரசாங்கங்களின் வழக்கம். பிரிட்டிஷ் அரசு கட்டிய ஆர்38, 1921-ல் ஹல் நகருக்கு மேலே முறிந்து விழுந்து 44 பேரைக் கொன்றது. அதில் கற்ற பாடம் என்ன தெரியுமா? அடுத்ததை இரண்டு மடங்கு பெரிதாகக் கட்ட வேண்டும்.

1924-ல் திட்டம் தயாரானது. சாம்ராஜ்யத்தை ஆகாயக் கப்பலால் தைத்து இணைப்பது. இரண்டு கப்பல்கள். ஆர்100-ஐ விக்கர்ஸின் துணைக் கம்பெனி கட்டும். ஆர்101-ஐ பெட்ஃபோர்டு அருகே கார்டிங்டனில் விமானத் துறையே கட்டும். எது உசத்தி என்று பார்த்துவிடலாம். போட்டிக்கு நடுவர் யார்? விமானத் துறை. பறக்கத் தகுதியான கப்பல் என்று சான்றிதழ் தருவது யார்? விமானத் துறை. போட்டியில் ஓடுகிற இரண்டு பேரில் ஒருவர் யார்? அதுவும் விமானத் துறையேதான். வேலிக்கு ஓணான் சாட்சி என்று நம் ஊரில் சொன்னதை லண்டனில் நிர்வாகம் என்றார்கள்.

கார்டிங்டன் மூளைகளின் வேலையைக் கொஞ்சம் பாருங்கள். இந்தியாவின் வெயிலில் பெட்ரோல் ஆவியாகித் தீப்பிடிக்கும், ஆபத்து, ஆகவே டீசல் என்ஜின்தான் என்று முடிவெடுத்தார்கள். தலைக்கு மேலே ஹைட்ரஜன் இருக்கலாம், காலுக்குக் கீழே பெட்ரோல் இருக்கக் கூடாது. சரி. அந்த டீசல் என்ஜின்கள் கணக்குப் போட்டதைவிடப் பல டன் கனத்தன. போதாததற்கு, அவற்றைக் கிளப்பிவிட வைத்த சின்ன என்ஜின்கள் பெட்ரோலில் ஓடின! அதோடும் நிற்கவில்லை. முதலில் பொருத்திய ஐந்து என்ஜின்களில் ஒன்று பின்னோக்கிச் செலுத்துவதற்கு மட்டும். இங்கிலாந்திலிருந்து இந்தியா வரை வெறுமனே சவாரி செய்து, கப்பலைக் கம்பத்தில் கட்டி நிறுத்தும் நேரத்தில் மட்டும் கண் விழிக்க வேண்டிய என்ஜின் அது. அரசாங்க அலுவலகம் எதையும் பார்த்தவர்களுக்கு இந்த என்ஜினை அடையாளம் தெரியும்.

எடை போட்டுப் பார்த்தார்கள். 60 டன் சுமக்க வேண்டிய கப்பல் 35 டன்தான் சுமக்கும் போலிருந்தது. அப்போதே மூடியிருந்தால் மானம் மட்டும் போயிருக்கும். மானம்தான் முக்கியம் என்பதால், மாட்டுக் குடல் சவ்வை ஒட்டிச் செய்த வாயுப் பைகளைக் கட்டியிருந்த கம்பிவலையைத் தளர்த்திவிட்டார்கள். பை உப்பும், வாயு கூடும், தூக்கும் சக்தியும் கூடும். ஆனால் உப்பிய பை பக்கத்துச் சட்டங்களில் உரசும். ஆணி முனையில் உரசும். கப்பல் அசையும்போதெல்லாம் உரசும். பையில் ஓட்டை விழுந்தது. உரசும் ஆயிரக்கணக்கான இடங்களில் துணியைச் சுற்றி மெத்தை வைத்தார்கள். அதுவும் போதாமல் கப்பலை நடுவில் வெட்டிப் பிரித்து இன்னொரு பகுதியைச் செருகினார்கள். நீளம் 777 அடி ஆனது.

மேலே போர்த்திய துணி இன்னொரு கதை. 1930 ஜூனில் கம்பத்தில் கட்டி நிற்கும்போதே அது நீளமாகக் கிழிந்தது. பழைய துணிக்கு ஒட்டுப் போட ரப்பர் கரைசலைத் தடவியிருந்தார்கள். துணியின் பூச்சோடு அது சேர்ந்து துணியையே மக்க வைத்தது. ஆர்100-ல் வேலை பார்த்த நெவில் ஷூட், பின்னாளில் நாவலாசிரியராகப் பேரெடுத்தவர், ஒரு துண்டைக் கையில் வாங்கிப் பார்த்ததை எழுதியிருக்கிறார். கையில் அழுத்தினால் அப்பளமாக நொறுங்கியதாம்.

இவ்வளவு பேர் நடுவில் ஒரே ஒரு மனிதர் தன் சம்பளத்துக்கு உண்மையாக இருந்தார். மக்வேட் என்ற ஆய்வாளர். 1930 ஜூலை 3 அன்று, மேலதிகாரியைத் தாண்டித் துறைத் தலைவருக்கே கடிதம் எழுதினார். மெத்தை வைத்து இந்த உரசலைத் தீர்க்க முடியாது, இந்தக் கப்பலின் பறக்கும் அனுமதியை நீட்டிக்க என்னால் பரிந்துரைக்க முடியாது என்றார். கடிதம் என்ன ஆனது? கப்பலைக் கட்டுகிறவர்களிடமே கருத்துக் கேட்டார்கள். மெத்தை போதும் என்று பதில் வந்தது. கோப்பு முடிந்தது. புகார் கொடுத்தவனின் மனுவை, புகாருக்கு ஆளானவனிடமே கொடுத்து விளக்கம் வாங்கி வைத்துக்கொள்ளும் கலையில் உலகத்து அரசாங்கங்கள் எல்லாம் ஒரே குருவிடம் பயின்றவை.

இனி மந்திரி. விமானத் துறை அமைச்சர் தாம்சன் பிரபு நாசிக்கில் பிறந்தவர். 1924-ல் பிரபு பட்டம் வந்தபோது, கப்பல் கட்டும் அந்தக் கார்டிங்டனையே பட்டத்தின் ஊராக வைத்துக்கொண்டவர். அடுத்த வைஸ்ராய் அவர்தான் என்ற பேச்சு லண்டனில் அடிபட்டது. காந்தி எரவாடா சிறையில் இருந்த நேரத்தில், வைஸ்ராய் ஆகப் போகிறவர் வானத்திலிருந்து கராச்சியில் இறங்கினால் எத்தனை அழகு! லண்டனில் சாம்ராஜ்ய மாநாடு நடந்துகொண்டிருந்தது. இந்தியா போய் அக்டோபர் 20-க்குள் திரும்பி வந்து அதில் நிற்க வேண்டும். என் ஏற்பாடுகளை அதற்கேற்பச் செய்துவிட்டேன், அட்டவணை மாறக் கூடாது என்று ஜூலையிலேயே குறிப்பெழுதி அனுப்பினார். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், என் அவசரத்துக்காக நீங்கள் எதுவும் செய்துவிட வேண்டாம் என்றும் சொன்னார். மேலதிகாரி அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று சம்பளம் வாங்கும் எவரையும் கேளுங்கள்.

வெட்டி ஒட்டிய கப்பலை அக்டோபர் 1 அன்று 16 மணி நேரம் சொச்சம் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். ஓர் என்ஜினின் எண்ணெய்க் குளிரூட்டி பழுதானது. ஆகவே முழு வேகச் சோதனை நடக்கவில்லை. இந்தியாவுக்குப் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். சான்றிதழ் வந்துவிட்டது, கிளம்பும் நாளன்று கேப்டன் இர்வின் கையில் கொடுத்தார்கள். சிப்பந்திகள் சாமான்களைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. மந்திரியின் பெட்டிகளும் சுருட்டிய பாரசீகக் கம்பளமும் ஏறின. எகிப்தில் இஸ்மாயிலியாவில் பிரமுகர்களுக்குக் கப்பலிலேயே விருந்து அல்லவா?

1930 அக்டோபர் 4, சனிக்கிழமை மாலை. மழை, காற்று. கம்பத்தை விட்டு மேலே எழும்பவே சுமார் நாலு டன் தண்ணீரைக் கீழே கொட்ட வேண்டியிருந்தது. நள்ளிரவில் கப்பலிலிருந்து வந்த வயர்லெஸ் செய்தி, கனவான்கள் நன்றாகச் சாப்பிட்டுச் சுருட்டுப் பிடித்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்கள் என்றது. சுமார் இரண்டு மணி நேரம் கழித்து, வடக்கு பிரான்சில் போவே நகருக்குப் பக்கத்தில், கப்பல் மூக்கைக் குத்திக்கொண்டு தரையில் மோதித் தீப்பற்றியது.

பின்பக்க என்ஜின் அறையில் பெல் என்பவர் காவல் முடிந்து, மாற்று ஆள் பிங்க்ஸுக்காகக் காத்திருந்தார். பிங்க்ஸ் சில நிமிடம் தாமதமாக வந்தார். இருவரும் பேசிக்கொண்டிருந்தபோதே கப்பல் சாய்ந்தது. சுற்றிலும் தீ. மேலே இருந்த தண்ணீர்த் தொட்டி உடைந்து இருவர் தலையிலும் கொட்டியது. தொப்பலாக நனைந்து வெளியே ஓடினார்கள். அன்றிரவு அந்தக் கப்பலில் உயிரைக் காத்த சாதனம் எந்த வரைபடத்திலும் அந்த வேலைக்கென்று குறிக்கப்படாத ஒரு தண்ணீர்த் தொட்டி.

ஏறியவர்கள் 54 பேர். இறந்தவர்கள் 48 பேர். ஏழு வருடம் கழித்து எரிந்த ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பலை உலகமே ஞாபகம் வைத்திருக்கிறது. அங்கே இறந்தவர்கள் 36 பேர். அங்கே கேமரா இருந்தது. ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும்: தாம்சனும் செத்தார். மெத்தை போதும் என்று எழுதியவரும் அதே கப்பலில் ஏறிச் செத்தார். தான் எழுதியதை நம்பும் அளவு நேர்மை அவரிடம் இருந்தது. ஆனால் என்ஜின் அறையில் எண்ணெய்க் கையோடு செத்தவர்களை யாரும் மெத்தை பற்றிக் கேட்கவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் சவப்பெட்டிகளை வரிசையாக வைத்து ராஜமரியாதை செய்து, கார்டிங்டனில் ஒரே குழியில் அடக்கம் செய்தார்கள். செத்தவனுக்கு மரியாதை செய்வதில் அரசாங்கம் கஞ்சத்தனம் பார்ப்பதே இல்லை.

விசாரணைக்குத் தலைமை தாங்கியவரை நமக்கு நன்றாகத் தெரியும். சர் ஜான் சைமன். இந்தியர் ஒருவர்கூட இல்லாமல் இந்தியாவின் தலைவிதியை எழுத வந்து, 1928-ல் சென்னை உட்பட ஊர் ஊராகக் கறுப்புக் கொடி வாங்கிய அதே சைமன். 1931-ல் அறிக்கை கொடுத்தார். முன்பக்கப் பைகளிலிருந்து வாயு வெளியேறியது, மேல்துணி கிழிந்திருக்கலாம் என்றார். பொதுக் கொள்கை சார்ந்த காரணங்கள் இல்லாவிட்டால் அந்த மாலையில் கப்பல் கிளம்பியிருக்காது என்றும் எழுதினார். பொதுக் கொள்கை! ஒரு மந்திரியின் பயண அட்டவணைக்கு இதைவிட மரியாதையான பெயரை இன்றுவரை எவரும் கண்டுபிடிக்கவில்லை.

1930 கோடையில் கனடாவுக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்த ஆர்100-ஐ உடைத்து, 600 பவுனுக்கும் குறைவாகப் பழைய இரும்புக் கணக்கில் விற்றார்கள். நன்றாகப் பறந்த குற்றத்துக்கு அதற்குத் தண்டனை கிடைத்தது. ஆர்101-க்காகக் கராச்சியில் கட்டிய பிரம்மாண்டமான கொட்டகைக்குள் ஓர் ஆகாயக் கப்பலும் நுழைந்ததில்லை. 48 சாவுக்கு ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.