உப்பைக் கொட்டுனா ஆச்சாலே?

ஏல மக்கா, ஈசிஆர் பக்கம் வீடு கட்டி, புறவாசல்ல உப்புத் தண்ணி நீச்சல் குளமும் வெட்டிட்டியாமே. நல்லா இரு. வீட்டு மாடியில நின்னா கடலு தெரியுது. அதுல எறங்குனா மேலெல்லாம் உப்பு ஒட்டும்னு சொல்லி, வீட்டுக்குள்ள நல்ல தண்ணிய நெரப்பி, அதுல மூட்டை மூட்டையா உப்பைக் கொட்டியிருக்க. படிச்ச புள்ள, வேற எப்படி இருப்ப?

"இதுல கெமிக்கலே கெடையாது தாத்தா, குளோரினே வேண்டாம், எல்லாம் நேச்சுரலு"ங்க. யாரு சொன்னா? குளத்தை வித்தவன் சொன்னான். மாடு விக்க வந்தவன், இது ஒதைக்கும்னு வாயத் தொறந்து சொல்லுவானால?

மோட்டார் ரூம்பு செவத்துல ஒரு பொட்டி தொங்குதே, அது என்னத்துக்கு? பைப்புல ஒரு குழா மாட்டியிருக்கு, அதுக்குள்ள தகடு தகடா இருக்கே, பாத்தியா? டைட்டானியத் தகடு. உப்புத் தண்ணி அதுக்கு ஊடால போவும்போது கரண்டு பாயுது. அப்ப அந்த உப்புல இருந்து என்ன வருது? குளோரின்தாம்ல வருது! எங்க ஆறுமுகநேரிக்குப் பக்கத்துல சாகுபுரத்துல வருசக்கணக்கா உப்புத் தண்ணியில கரண்டு விட்டுத்தான் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்காவ. அதே சோலியத்தான் ஒன் வீட்டுப் பொட்டி பொடுசா செய்யுது. கடையில வாங்குற மருந்தை வீட்டுலயே காச்சுத. அதுக்குப் பேரு மருந்தில்லாத குளமா?

அதுக்காக அது கெட்ட சாமான்னு நான் சொல்லல. டப்பா டப்பாவா குளோரின் தூக்க வேண்டாம். மருந்து ஒரு நா கூடி ஒரு நா கொறையாம, பைய ஒரே சீரா எறங்கும். கண்ணு எரியாது. நல்லதுதான். ஆனா பொட்டி இருக்கு, நமக்கு என்ன சோலின்னு நீ கால நீட்டிப் படுத்துட்ட பாத்தியா, அங்கனதான் இடிக்குது.

உப்பு எம்புட்டு வேணும்? கடல்ல லிட்டருக்கு 35 கிராம் கெடக்கு. ஒன் குளத்துக்கு 3, மிஞ்சிப்போனா 3½ கிராம் போதும். மோட்டார்க்காரன் பில்லு நீட்டும்போது நீ விடுத கண்ணீருல அதைவிட உப்பு ஜாஸ்தி. 50,000 லிட்டர் குளம்னா 150 கிலோ, அம்பது கிலோ மூட்டையில மூணு. அதோட முடிஞ்சுது. நீயோ வாரா வாரம் ஞாயித்துக்கெழமை வந்தா ஒரு மூட்டையக் கட்டிச் சுமக்கியாமே? என்னத்துக்குலே?

உப்பு எங்கன போவும்? எங்க தூத்துக்குடி உப்பளத்துக்கு வந்து ஒரு நா நில்லு. வெயிலு தண்ணியத்தான் குடிக்கும், உப்பை வச்சிட்டுப் போயிரும். பாத்தியில தண்ணி 25 டிகிரி கனத்துக்கு வந்துட்டா உப்பு தானா எறங்கும். அதை நம்பித்தான் இங்க ஒரு ஊரே பொழைக்குது. ஒன் குளத்துக்கு மட்டும் சூரியன் வேறயா? தண்ணி மட்டம் எறங்குனா தண்ணிய விடு, போதும். ஐப்பசி கார்த்திகை மழையில வழிஞ்சு போனா, ஃபில்டரை பேக்வாஷ் பண்ணுனா, அப்பதான் உப்பு கொறையும். மழையுங் காணோம், பேக்வாஷுங் காணோம், உப்பு மட்டும் கொறையுதுன்னா குளம் ஒழுகுதுன்னு அர்த்தம். மூட்டைக்காரனைக் கூப்பிடாத, கொத்தனாரைக் கூப்பிடு.

இன்னொண்ணுங் கேளு. பொட்டி "உப்பு இல்ல, உப்பு இல்ல"ன்னு செவப்பு லைட்டு போட்டா ஒடனே நம்பிராத. குழாயக் கழட்டித் தகட்டைப் பாரு. வெள்ளை வெள்ளையா பொருக்கு கட்டியிருக்கும். ஒன் போர் தண்ணியில இருக்குத சுண்ணாம்புதான். அது அடைச்சாலும் பொட்டி அப்படித்தான் பொய் சொல்லும். கரண்டை அணைச்சிட்டு, நாலு பங்கு தண்ணியில ஒரு பங்கு ஆசிட்டை ஊத்தி, அதுல செத்த நேரம் ஊற வையி. புசுபுசுன்னு நுரைச்சு எல்லாம் கழண்டுரும். தண்ணியிலதான் ஆசிட்டை ஊத்தணும். மாத்தி ஊத்துனியோ, மூஞ்சியில தெறிச்சிரும். ஸ்குரூ டிரைவரை வச்சுச் சொரண்டுத புத்தி இருந்தா அதையும் விட்டுரு. தகட்டு மேல பூச்சு போனா தகடே போச்சு. அதுக்கு ஆவுற துட்டுல எங்கூர்ல ரெண்டு லோடு உப்பு எறக்கிருவேன்.

ஒங்கூட்டுக்காரன் ஒருத்தன் இமயமலை ரோஸ் உப்பு போடலாமான்னு கேட்டானாமே? அந்த ரோஸ் கலரே இரும்புக் கலப்புல வாரதுதாம்ல. அதைக் கொட்டுனா சொவரெல்லாம் கறை ஏறும். எங்க களத்து உப்பையும் அப்படியே கொட்டாத. உள்ளதைச் சொல்லணும்லா, அதுல மண்ணும் சுண்ணாம்பும் மக்னீசியமும் கெடக்கும். சாம்பாருக்கு ருசி, தகட்டுக்குச் சனியன். சுத்தம் பண்ணுன, அயோடின் சேக்காத உப்பா கேட்டு வாங்கு.

பொறவு இந்த பிஹெச்சு. உப்புக் குளத்துல அது தானா மேல ஏறிட்டே இருக்கும். 7.8-ஐத் தாண்டிட்டா குளோரின் இருந்தும் வேலைக்காவாது. வாரத்துக்கு ரெண்டு மட்டம் பரிசோதனைக் கிட்டுல தண்ணிய எடுத்துப் பாரு, ஏறியிருந்தா ஆசிட்டு விடு. போன்ல ஆப்பு காட்டுதுங்க. ஆப்பு காட்டும், ஆசிட்டை யாரு ஊத்துவா? நம்மூரு வெயிலு வேற குளோரினை மத்தியானத்துக்குள்ள தின்னுரும். அதுக்குத்தான் சயனூரிக் ஆசிட்டுன்னு ஒண்ணு போடச் சொல்லுதாவ. பாத்தியா, கெமிக்கல் இல்லாத குளத்துக்கு எத்தனை ஆசிட்டு!

போன மாசம் விருந்தாளி வந்தாவளாம். மூக்கைத் தொளைக்குத நெடி அடிச்சுதாம். "நல்லா குளோரின் போட்டிருக்கு, சுத்தமான தண்ணி"ன்னு பெருமை பேசுனியாம். ஏல, குளோரின் வேர்வையோடயும் புள்ளைய போன ஒண்ணுக்கோடயும் கலந்தாத்தான் அந்த நெடி. குளிச்சிட்டு எறங்குங்கடான்னு சொல்ல ஒனக்கு வாயில்ல. வெக்கமா? அந்தத் தண்ணியில முங்குறதுக்கு வெக்கமில்லையா?

அதை விடு. ஊருக்குப் போவும்போது கரண்டு பில்லுக்குப் பயந்து மோட்டாரை அணைச்சிட்டுப் போறியாமே. மோட்டார் ஓடுனாத்தான் தகட்டுக்குத் தண்ணி வரும். தண்ணி வந்தாத்தான் குளோரின். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரமாவது ஓடணும். பச்சையா பாசி புடிச்சு நிக்குதுன்னு அப்ப எனக்கு போட்டோ அனுப்புத. இன்னிக்குப் பொழுது சாயவும் மோட்டாரைப் போட்டு விடு, தேச்சுக் கழுவ ஒரு பிரஷ் வாங்கு. மிச்சம் கெடக்குத உப்பு மூட்டைய இங்கன அனுப்பிராத ராசா, எங்ககிட்ட நெறைய கெடக்கு.