மூணரை கிரவுண்டு

டேய் பேராண்டி, ராத்திரி ஒரு மணிக்கு உன் ரூம்ல லைட்டு எரியுது. "போடு, போடு, விடாதே"ன்னு சத்தம் வேற. உங்க ஆயா எழுந்து உக்காந்து, பையனுக்கு ஏதோ காத்து கருப்பு பட்டிருக்குது, பச்சையம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கினு போய் எலுமிச்சம்பழம் சுத்தணும்னுட்டா. நான்தான் எட்டிப் பாத்துட்டு வந்து சொன்னேன்: "அதெல்லாம் ஒண்ணுமில்ல. செல்போன்ல பதினாலு தடியனுங்க ஒரு பந்துக்காகக் கட்டிப் பொரளுறானுங்க, இவன் அதுக்குத் தாளம் போடறான்." அதுக்கப்புறம்தான் ஆயா நெசமாவே பயந்தா.

இது காதல் கீதலா இருந்தா பொண்ணு வூட்டுல பேசி முடிச்சுடலாம். ஹேண்ட்பாலுக்கு நான் எவன் வூட்டுல போய்த் தட்டு மாத்தறது?

சரி, கெட்டுப்போறவன் எப்படித்தான் கெட்டுப்போறான்னு பாப்போம்னு நானும் பக்கத்துல கட்டிலைப் போட்டேன். ஒண்ணு சொல்றேன், ஆட்டம் நல்லாத்தான் இருக்குது. பக்கத்துக்கு ஏழு பேரு, அரை மணி அரை மணியா ரெண்டு பாதி. பந்தை வெச்சிக்கினு மூணு அடிக்கு மேல நடக்கக் கூடாது, மூணு செகண்டுக்கு மேல கையில வெச்சிக்கினு நிக்கவும் கூடாது. கோலுக்கு முன்னால ஆறு மீட்டர்ல ஒரு வளைஞ்ச கோடு. அதுக்குள்ள கோல்கீப்பரைத் தவிர ஒருத்தன் கால் வைக்கக் கூடாது. ஆனா கோட்டுக்கு வெளிய இருந்து எம்பி, ஆகாசத்துல இருக்கும்போதே எறிஞ்சிட்டு அப்பால உள்ள வுழுந்தா தப்பில்லையாம். இந்தச் சட்டம் போட்டவங்களை நம்ம பக்கத்து ஏரிக்கரைப் பக்கம் ஒரு நாள் கூட்டிக்கினு வரணும். இங்க கோடு எங்கன்னே கேக்காம காலை வெச்சு, கடக்கால் போட்டு, மூணு மாடி எழுப்பி, வூட்டு வரி ரசீதும் வாங்கி பிரேம் போட்டு மாட்டிட்டான்.

முரட்டாட்டம் ஆடினவன் ரெண்டு நிமிஷம் வெளிய உக்காரணும், அவன் டீமு ஒரு ஆள் கொறைச்சலா ஆடணும். அதே ஆளு மூணாவது தரமும் உக்காந்தா அன்னிக்கு அவன் ஆட்டம் முடிஞ்சுது. நம்ம குடியிருப்போர் சங்கக் கூட்டத்துல இதைக் கொண்டாந்தா, அரை மணி நேரத்துல டீ குடுக்க வந்தவன் மட்டும்தான் உள்ள இருப்பான்.

எனக்கு ரொம்பப் புடிச்ச சட்டம் வேற ஒண்ணு. கோல் போடற எண்ணமே இல்லாம இவன் அவனுக்கு, அவன் இவனுக்குன்னு பந்தை மாத்திக்கினே காலம் கடத்தினா நடுவர் கையத் தூக்கிடறாரு. தூக்கினப்புறம் நாலே நாலு பாஸ்தான். அதுக்குள்ள எறிஞ்சாகணும், இல்லன்னா பந்து எதிராளிக்கு. கண்ணு, நீ படிப்பு முடிச்சதுல இருந்து குரூப் 4ன்ற, அப்பால பேங்க் எக்ஸாம்ன்ற, அப்பால போலீஸ்ன்ற, போன வாரம் கனடான்ன. நாலு ஆயிடுச்சு. உங்கப்பன் கை எவ்வளவு நாளா மேலயே இருக்குதுன்னு திரும்பிப் பாத்தியா?

நீ இந்த ஆட்டத்துக்குள்ள வந்த கதை எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. பிளஸ் ஒன்ல உன் கூட்டாளி ஒருத்தன் காதுல ஓதினான்: "கிரிக்கெட்டுக்குப் போனா லட்சம் பேரு முன்னால நிப்பான்டா, ஹேண்ட்பால்ல கூட்டம் கம்மி, சர்டிபிகேட்டு சீக்கிரம் வந்துடும்." இஞ்சினியரிங்ல விளையாட்டுக் கோட்டாவுக்கு 500 சீட்டு, அரசாங்க வேலையில 3 சதவீதம்னு கணக்கு போட்டுத்தான் நீ பந்தைத் தொட்டே. அதுல தப்பில்ல. ரேஷன் கடையிலகூட கூட்டம் கம்மியா இருக்கற நேரம் பாத்துத்தானே போறோம். வந்த வேலையப் பாத்துட்டுத் திரும்பறதை விட்டுட்டு, ஆட்டத்து மேலயே ஆசை வெச்சிக்கினு ராத்திரி ஒரு மணிக்குக் கத்தறியே, அதுதான் எனக்குப் புரியல. சர்டிபிகேட்டுக்குப் போனவனுங்க ஆயிரம் பேரு பத்திரமா வூடு திரும்பிட்டானுங்க, நீ ஒருத்தன்தான் மாட்டிக்கினே.

கோல்கீப்பர் ஆகப் போறேன்னு வேற சொன்னே. அதுக்கு நீ ஜெர்மனி வரைக்கும் பாக்க வேணாம். நம்ம மாசிலாமணீஸ்வரர் கோயில் நந்தியப் போய்ப் பாரு. ஊரு உலகத்துல நந்தி சாமியப் பாத்துக்கினு இருக்கும். இங்க சாமிக்கு முதுகைக் காட்டிக்கினு வெளியப் பாத்துக்கினு இருக்குது. தொண்டைமான் ராஜாவுக்காகச் சண்டைக்குக் கெளம்பி, எதிராளி வர்ற திசையப் பாத்து நின்னுச்சுன்னு தலபுராணம். கோல்கீப்பர் நிக்கற நிலை அதேதான். மூணு மீட்டர் அகலம், ரெண்டு மீட்டர் உசரத்துல ஒரு வாசல். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி பந்து வருது. கையில கிளவுஸ் கிடையாது, கால்ல பேடு கிடையாது. கையையும் காலையும் விரிச்சு மூஞ்சியக் குடுக்கணும். உள்ள சாமிக்காவது அதே தலபுராணத்துல வர்ற வெட்டுக்காயத்துக்கு வருஷம் பூரா சந்தனக்காப்பு இருக்குது. உனக்கு உங்க ஆயா கையால நல்லெண்ணெய்தான்.

நீ அன்னிக்குப் பாத்துக்கினு இருந்தது 2024ல ஜெர்மனியில நடந்த ஐரோப்பியப் போட்டியாம். 24 நாடு. ஜனவரி 10ந்தேதி டூசல்டார்ஃப்ல கால்பந்து ஸ்டேடியத்துக்கு நடுவுல ஹேண்ட்பால் தரையப் போட்டு ஆடியிருக்கானுங்க. பாக்க வந்த கூட்டம் 53,586. ஹேண்ட்பாலுக்கு உலகத்துலயே அவ்ளோ கூட்டம் அதுக்கு முன்னால வந்ததில்லையாம். ஆந்திரியாஸ் வோல்ஃபுன்னு ஒரு கோல்கீப்பர், சுவிட்சர்லாந்துக்காரனுங்களை 14 கோலோட நிறுத்திட்டான். ஜெர்மனிக்கு 27. அன்னிக்கு மார்கழி. விடியக்காலை கோயில்ல ஸ்பீக்கர் கட்டினப்பதான் நீ போர்வைய இழுத்தே.

அந்த 53,586ஐ மனசுல வெச்சிக்கோ. அதே போட்டியில ஃபேரோ தீவுன்னு ஒரு நாடு மொத மொத ஆட வந்துச்சு பாரு. டென்மார்க் ராஜாவுக்குக் கீழ வர்ற பதினெட்டுத் தீவு. மொத்த ஜனமும் ஏறக்குறைய அந்த ஸ்டேடியத்துல உக்காந்த கூட்டம்தான். அங்க ஆடுங்க மனுஷனைவிட ஜாஸ்தின்னு சொன்னியே, அந்த ஒரு சேதியிலேயே எனக்கு அந்த நாட்டு மேல மரியாதை வந்துடுச்சு. அவனுங்க பெர்லின்ல நார்வேயோட மோதி, கடைசி நிமிஷத்துல துரத்திப் புடிச்சு 26–26ன்னு நிறுத்தினானுங்க. அடுத்த ரவுண்டுக்குப் போகல. அதனால இன்னா? ஆயிரக்கணக்குல ஜனம் கப்பலும் பிளேனும் புடிச்சு வந்து உக்காந்திருந்துச்சே. ஆடுங்களுக்கு அந்த வாரம் தழை ஒடிச்சுப் போட்டது யாருன்னுதான் எனக்கு விசாரமா இருந்துச்சு.

ஐஸ்லாந்து கதையக் கேட்டப்ப எனக்குத் தூக்கம் போயிடுச்சு. 2008ல பெய்ஜிங் ஒலிம்பிக்ல ஹேண்ட்பால்ல வெள்ளி. அடுத்து 2010ல ஐரோப்பாவுல மூணாவது இடம். அப்ப அந்த நாட்டு ஜனத்தொகை மூணேகால் லட்சத்தைத் தொடல. நம்ம ஆவடிக்கு 2011 கணக்கெடுப்புல 3,45,996 பேரு. அம்பத்தூர்ல 4,66,205. அதாவது, ஆவடியவிடச் சின்ன ஊரு ஒண்ணு ஒலிம்பிக் மேடையில ஏறி வெள்ளிய மாட்டிக்கினு எறங்கியிருக்குது. நம்ம ஆவடியில பீரங்கி டாங்கி செய்யத் தெரிஞ்சவன் இருக்கறான், அம்பத்தூர் எஸ்டேட்ல எந்த மிஷினுக்கும் பார்ட்டு கடைஞ்சு குடுக்கறவன் இருக்கறான். அரைக்கிலோவுக்கும் கொறைஞ்ச பந்தை வலைக்குள்ள எறியறதுக்கு ஏழு பேரு கெடைக்கலையா?

இந்த ஆட்டம் ஒண்ணும் மலையேறிக் கத்துக்கற வித்தையில்ல. டென்மார்க்ல ஹோல்கர் நீல்சன்னு ஒரு வாத்தியார் 1898ல பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு வகுத்துக் குடுத்தது. பசங்க கால்பந்து ஆடி ஜன்னல் கண்ணாடிய ஒடைக்கறானுங்கன்னு கையால ஆடச் சொன்னாருன்னு ஒரு கதை உண்டு. மொதல்ல திறந்தவெளியில பதினோரு பேரா ஆடியிருக்கானுங்க. 1936 பெர்லின் ஒலிம்பிக்ல அப்படித்தான். குளிரு தாங்காம உள்ளுக்குள்ள போய் ஏழு பேரா சுருங்கி, 1972ல மியூனிக்ல அப்படியே திரும்ப ஒலிம்பிக்குக்கு வந்துச்சு. ஆசிய விளையாட்டுல இது மொத மொத நடந்தது எங்க தெரியுமா? 1982, நம்ம டெல்லி. அப்ப டிவியில கலர் வந்ததைத்தான் ஊரே பேசிச்சு.

அப்பால ஜெய்ப்பூர்ல 2023 ஜூன்ல பிரீமியர் ஹேண்ட்பால் லீக் நடந்துச்சுன்னு நீதான் காட்டினே. ஆறு டீமு. மகாராஷ்டிராக்காரன் கோப்பை வாங்கினான். ராஜஸ்தான், குஜராத், உத்தரப் பிரதேசம், டெல்லி எல்லாம் இருந்துச்சு. தெலுங்கு பேரோடகூட ஒரு டீமு. தமிழ் பேருல ஒண்ணுகூட இல்ல. நம்மாளு எதுக்குப் போவான்? பேரு இன்னா வைக்கறதுன்னு முடிவு பண்றதுக்கே அவனுக்கு ரெண்டு ஜூன் வேணும்.

காசு இருந்தா குறுக்கு வழியும் இருக்குது. கத்தார்னு நம்ம பசங்க வேலைக்குப் போற நாடு, 2015 உலகப் போட்டிய அதுவே நடத்துச்சு. பாஸ்னியாவுல ஒருத்தன், மான்டினிக்ரோவுல ஒருத்தன், கியூபாவுல ஒருத்தன்னு புடிச்சு, குடியுரிமை குடுத்து, ஃபைனல் வரைக்கும் போய் பிரான்ஸ்கிட்ட 25–22ன்னு தோத்தானுங்க. வெள்ளி வெள்ளிதானே. தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாறி வந்தவனுக்கு சீட்டு குடுக்கற ஊருல பொறந்த நமக்கு இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல.

ஆனா நான் முழிச்சிருந்து பாத்தது பிரான்ஸ் டீமுல ஆடின நிகோலா கராபாட்டிச்சுக்காகத்தான். யூகோஸ்லாவியாவுல பொறந்து, சின்ன வயசுலயே பிரான்ஸுக்கு வந்தவன். அப்பன் கோல்கீப்பர். 2024 ஜனவரியில அவனுக்கு 39 வயசு. அந்த ஐரோப்பியப் போட்டி அரையிறுதியில ஸ்வீடன் ஜெயிச்சாச்சுன்னு இருக்கும்போது, நேரம் முடிஞ்சப்புறம் எறியற ஃப்ரீ த்ரோவ பிராண்டின்றவன் ஆளுங்க சுவத்தைத் தாண்டி உள்ள எறக்கினான். 27–27. கூடுதல் நேரம், பிரான்ஸ் 34–30. 28ந்தேதி கொலோன்ல ஃபைனல். எதிர்ல டென்மார்க், உலகக் கோப்பையத் தொடர்ச்சியா மூணு தரம் வாங்கி வெச்சிருந்த டீமு. அங்கயும் கூடுதல் நேரம், 33–31. கராபாட்டிச்சுக்கு அது நாலாவது ஐரோப்பியப் பட்டம், மொதல்ல வாங்கினது 2006ல. நீ இருபத்திமூணு வயசுல முட்டி வலிக்குதுன்னு மாடியில காயற துணிய எடுக்க உங்கம்மாவ அனுப்பறே.

இப்ப புத்திமதிக்கு வரேன். நெலம் அளந்து பழகின கை என்னுது, அதனால மொதல்லயே கணக்கு போட்டுட்டேன். ஹேண்ட்பால் கோர்ட்டு நாப்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம். சதுர அடியில 8,600 சொச்சம். மூணரை கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேல. இந்த ஊருல மூணரை கிரவுண்டை ஒருத்தன் சும்மா கோடு போட்டு வெச்சிருந்தான்னா, காலையில மொத ஆளா புரோக்கர் வருவான், அப்பால பில்டர் வருவான், சாயங்காலத்துக்குள்ள ஆறு அரை கிரவுண்டு வூடும் ஒரு ரோடும் வந்துடும். கோல் கம்பம் நட்ட எடத்துல போர் போடுவான்.

அட, நான் மட்டும் யோக்கியனா? உங்க அத்தைங்க கல்யாணத்துக்குன்னு ரெண்டு ஏக்கர் நஞ்சைய வித்தேன். முப்பத்தாறு கிரவுண்டு. உங்க கணக்குல பத்து கோர்ட்டு. மாப்பிள்ளைங்களைப் பாக்கும்போது கோர்ட்டே போட்டிருக்கலாமோன்னு அப்பப்ப தோணும். இதை அத்தைங்ககிட்ட சொன்னேன்னா தாத்தா ஒரேயடியா வெளிய உக்கார வேண்டியதுதான்.

அதனால கண்ணு, அடுத்த ஐரோப்பியப் போட்டி 2028ல ஸ்பெயின், போர்ச்சுகல், சுவிட்சர்லாந்துன்னு மூணு நாட்டுல வருதாம், அதுக்கு முழிக்கறதுக்குள்ள இங்க ஒண்ணு நடத்திப்புடு. சோழம்பேடு ரோட்டுப் பக்கம் ஒரு காலி மனை கேஸ்ல கெடக்குது. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் நான் செத்தாலும் ராசியாக மாட்டானுங்க, அதனால எடத்துக்குப் பல வருஷம் ஆபத்தில்ல. முள்ளு வெட்டி, ரெண்டு மூட்டை சுண்ணாம்பு வாங்கி கோடு போடு. கொரட்டூர்ல ஒரு டீமு, அண்ணனூர்ல ஒரு டீமு, பட்டாபிராம்ல ஒரு டீமுன்னு கூப்புடு. மின்சார ரயில்ல வந்து ஆடிட்டு ராத்திரி ரயிலுக்குத் திரும்பிடலாம். கூட்டம் வருமான்னு பயப்படாத. மொதல்ல ரெண்டு பேருக்கு சண்டைன்னு சொல்லி வை, ஊரே வந்துடும். வந்தப்புறம் ஆட்டம்னு சொல்லிக்கலாம்.

நோட்டீஸ் அடிக்கும்போது மட்டும் கொஞ்சம் உஷாரா இரு. தலைமைக்குக் கவுன்சிலர், வரவேற்புரைக்கு பால் பூத்துக்காரரு, பரிசுக்கு நகைக்கடைக்காரரு. யாரு பேரு மேல, யாரு பேரு கீழன்னு போன கும்பாபிஷேகத்துல அடிச்சிக்கினது உனக்குத் தெரியும். என் பேரு எதுக்கு, நான் கெழவன். உனக்கு மனசு கேக்கலன்னா ஒரு ஓரமா "முன்னிலை"ன்னு போடு. போட்டோ போடணும்னு கட்டாயமில்ல. போடறதா இருந்தா அத்தை கல்யாணத்துல எடுத்தது பீரோவுல இருக்குது, அதுல எனக்கு மீசை நல்லா வந்திருக்கும்.