ஷிப்மெண்ட் அப்பா

அவிநாசிக்குப் பக்கத்துச் சேவூரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஷிப்மெண்ட் அப்பா ஒருவரைப் பார்க்கலாம். பார்க்கத்தான் முடியும், பேச முடியாது. காதில் போன், அக்குளில் சாம்பிள் பீஸ், ஒரு கால் ஏற்கெனவே வண்டியின் கிக்கரில். வீட்டை ஒட்டிப் போட்ட ஷெட்டில் பத்துப் பன்னிரண்டு மிஷின் ஓடும். பவர் டேபிள் என்பார்கள். திருப்பூர்க் கம்பெனியிலிருந்து கட்டிங் வரும். தைத்து, செக்கிங் பார்த்து, கட்டுக் கட்டிக் கொடுத்தால் பீஸுக்கு இத்தனை என்று கூலி. சரக்கு திருப்பூர் போய், அங்கிருந்து தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறும். அந்தக் கப்பலை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அவர் வீட்டில் எது நடக்க வேண்டுமென்றாலும் அது முதலில் புறப்பட்டாக வேண்டும்.

"அப்பா, ஸ்கூல்ல ஒரு விசயமுங்..."

"இந்த ஷிப்மெண்ட் போகட்டும் கண்ணு."

கண்ணு ஆறாம் வகுப்பில் சொல்ல வந்த விசயம் அது. இப்போது கண்ணு பிளஸ் ஒன். கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

காத்திருப்பது இந்த வட்டாரத்துக்குப் பழகிய வேலைதான். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தை அப்பாரு காலத்தில் கேட்க ஆரம்பித்து, மகன் கேட்டு, பேரன் காலத்தில், 2024 ஆகஸ்டில் மோட்டாரை ஓட விட்டார்கள். 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர். அறுபது ஆண்டு காத்துக் கிடந்தும் குளம் கோபித்துக்கொண்டு போய் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. பதினாறு வயசு சாத்திக்கொள்ளும்.

அவரைக் கல்நெஞ்சர் என்று எண்ணிவிட வேண்டாம். சனிக்கிழமை ஆட்களுக்குச் சம்பளம் போட்டுவிட்டு, தனக்கு மிச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் புரோட்டா பார்சலோடுதான் வீட்டுக்கு வருவார். மகளுக்கு ஸ்கூட்டி, மகனுக்குக் கேட்ட போன், இரண்டு பேருக்கும் டியூஷன். "எதுல கொறை வெச்சேன்?" என்று அவர் கேட்கும்போது நமக்கும் பதில் வராது. காய்ச்சல் என்றால் அர்த்த ராத்திரியில் அவிநாசிக்கு வண்டியை விரட்டுகிற மனுசர்தான் அவர். வெப்பமானி காட்டாத எதையும் காய்ச்சல் என்று ஒத்துக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான்.

காது மட்டும் அபாரம். வீட்டுக்குள் சோறு தின்றுகொண்டிருப்பார். திடீரென்று கை நிற்கும். "நாலாவது ஓவர்லாக்குல ஊசி போயிருச்சு, போய்ப் பாரு" என்பார். போய்ப் பார்த்தால் போயிருக்கும். பத்து மிஷின் இரைச்சலில் ஓர் ஊசி முறிந்த சத்தத்தைப் பிரித்தெடுக்கிற அதே காதுக்கு, அதே இலைக்கு எதிரே உட்கார்ந்து மகள் மூன்று நாளாக "பசிக்கலீங்ப்பா" என்று சொல்வது கேட்பதில்லை. அது உற்பத்தியைப் பாதிக்காத சத்தம்.

எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கிற தாயை, சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் உட்காரச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டிப் பார்த்தது, கத்திப் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை என்றானதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சோதனை முடிந்து தாய் சிரித்ததும் குழந்தைக்கு உயிர் வந்தது. டிரானிக்குக்குச் சில நிமிடம் போதுமாக இருந்தது. நம்மவர் சீசன் முழுக்க அந்த முகத்தோடு உட்காரக் கூடியவர்.

2025 ஆகஸ்டில் அப்படித்தான் உட்கார்ந்தார். அந்த மாதம் 27-ஆம் தேதி முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவில் ஐம்பது சதவீத வரி விழுந்தது. திருப்பூரில் ஆர்டர்கள் பாதியில் நின்றன. சேவூரில் இவர் முகம் நின்றது. டிவியை வெறித்தபடி இருந்தார், சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தார், கூப்பிட்டால் "ம்" என்றார். வீட்டில் யாருக்கும் காரணம் சொல்லவில்லை; பிள்ளைகள் பயந்துவிடக் கூடாதாம். மகள் தன் மாதத் தேர்வு இயற்பியல் மார்க்குதான் காரணம் என்று நிச்சயம் செய்துகொண்டாள். மகன், தான் வண்டியில் போட்ட கீறலை அப்பா கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்து, ஒரு வாரம் கேட்காமலே தண்ணி லாரியைப் பார்த்துக் குடம் வைத்தான். வாஷிங்டனில் ஒருவர் போட்ட கையெழுத்துக்குச் சேவூரில் இரண்டு பிள்ளைகள் குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றார்கள். "வேலை கொஞ்சம் டல்லா இருக்குது சாமி, உங்க மேல ஒண்ணுமில்ல" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் இருவருக்கும் ஜாமீன் கிடைத்திருக்கும்.

இந்த ஊரிலிருந்து கூப்பிடு தூரம்போல இருக்கிற அவிநாசியில்தான் சுந்தரர் முதலை விழுங்கிய பிள்ளையைப் பதிகம் பாடி மீட்டார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம், எதிர் வீட்டில் அழுகை; பல வருசத்துக்கு முன் போன பிள்ளை, போன வருசங்களுக்கான வளர்ச்சியோடு திரும்பி வந்தான் என்பது கதை. வந்தவனைப் பெற்றவர்கள் முதலில் என்ன கேட்டார்கள் என்று புராணம் சொல்லவில்லை. நம்மவராக இருந்தால் தெரியும்: "இத்தனை வருசப் போர்ஷனை எப்ப முடிக்கப் போறே?"

ஒருமுறை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். மனநல ஆலோசகர் ஒருவர் பேச வந்திருந்தார். பத்திலிருந்து பத்தொன்பது வயதுக்குள் இருப்பவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது என்றார். நம்மவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏழுக்கு ஒண்ணா? பதினாலு பர்சன்ட் டேமேஜா? எந்தக் கம்பெனியும் ஒத்துக்காதுங்களே!" தினம் அரை மணி நேரமாவது பிள்ளைகளோடு மனம் விட்டுப் பேசுங்கள் என்று ஆலோசகர் சொன்னதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தார். அன்றைக்கே எட்டரைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சொல்லு சாமி. ஏதாச்சும் பிரச்சினையா?"

"இல்லீங்ப்பா."

"ஸ்கூல்ல யாராச்சும் தொந்தரவு?"

"இல்லீங்ப்பா."

"லவ்வு கிவ்வு?"

"அய்யோ, இல்லீங்ப்பா!"

எட்டு முப்பத்திரண்டுக்குச் செக்கிங் முடிந்தது. பாக்கி இருபத்தெட்டு நிமிடத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல் போனை எடுத்தார். மறுநாளும் எட்டரை. மூன்றாம் நாள் மகளுக்கு எட்டு இருபத்தைந்துக்கே தூக்கம் வந்துவிட்டது.

அம்மாவைப் பற்றிக் கேட்பீர்கள். அவர் ஷெட்டில் பிசிறு வெட்டி, மடித்து, வீட்டில் சமைத்து, கூட்டத்துக்கும் போய்க் கடைசி பெஞ்சில் தூங்கியவர். அவரிடம் பிள்ளைகள் பேசுகிறார்கள், ஆனால் கண்ணைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது என்று பாதியில் நிறுத்திக்கொள்கிறார்கள். கம்பெனி வேனில் போய் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு ஒன்பதுக்கு மேல் இறங்குகிற அப்பா அம்மாக்களை இந்தச் சித்திரத்தில் நான் சேர்க்கவில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளை சாயங்காலம் தானே பூட்டைத் திறந்து உள்ளே போகிறான் என்றால் அது பீஸ் ரேட்டின் கணக்கு. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. நம்மவர் ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பத்தடி தூரம். அதனால்தான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பத்தடியை மாதத்துக்கு ஒருநாள் மின்வாரியம் கடக்க வைக்கிறது. பராமரிப்புப் பணிக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை கரண்ட் கிடையாது. அப்படி ஒரு சனிக்கிழமை; பள்ளியும் விடுமுறை. மிஷின் நின்றது, பேன் நின்றது, பதினொரு மணிவாக்கில் அவர் போனும் செத்தது. வாசல் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, கையில் ஒன்றுமில்லாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். மகள் வந்து கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்து அதே ரோட்டைப் பார்த்தாள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே ஆரம்பித்தாள். மூன்று பேர் எப்போதும் ஒன்றாக இருந்தார்களாம். மற்ற இரண்டு பேரும் இப்போது இவளோடு பேசுவதில்லையாம். மத்தியானம் தனியாகச் சாப்பிட வேண்டியிருக்கிறதாம்.

அவருக்குள் இருந்த கான்ட்ராக்டர் துள்ளி எழுந்தார். "அந்தப் புள்ளையோட அப்பன் நெம்பர் குடு, நான் பேசறேன்."

"வேண்டாமுங்ப்பா. சும்மா கேளுங்."

சும்மா கேட்பது எப்படி என்று அவருக்குத் தெரியாது. ஆனால் போனும் இல்லை, கரண்டும் இல்லை, எழுந்து போக ஒரு சாக்கும் இல்லை. வேறு வழியில்லாமல் கேட்டார். "ம்" என்றார். ஆனால் இந்த "ம்" ஆகஸ்ட் மாதத்து "ம்" இல்லை; முகம் அசைந்தது. நடுவில் மகனும் வந்து, வண்டியில் கீறல் போட்டதைப் போகிறபோக்கில் ஒப்புக்கொண்டான். "அது எனக்கு அன்னைக்கே தெரியும்டா" என்றார். தெரியாது.

நாலேகாலுக்குக் கரண்ட் வந்தது. அவர் ஓடினார்.

இப்போது அந்த வீட்டில் மின்தடை அறிவிப்பைப் பேப்பரில் முதலில் தேடுவது மகள். அவர் ஒரு நாள் உற்பத்தி போனதை மனசில் வைத்துக்கொண்டு, செகண்ட் ஹேண்டில் நல்ல ஜெனரேட்டர் எங்கே கிடைக்கும் என்று திருப்பூர் முழுக்க விசாரித்துக்கொண்டிருக்கிறார்.