ஏகதேசக்காரர்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு, ஏலக்காய்த் தரகு பார்க்கும் ஏகதேசக்காரருக்கு வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், சேட்டு வந்தால் பாதி இந்தி. எந்த மொழியானாலும் நேரம் மட்டும் ஒரே மாதிரிதான். எப்போது வருவீர்கள் என்றால் "ஏகதேசம் ஒரு பத்து மணி வாக்குல" என்பார். ஒரு மணிக்கு மூன்று காப்பு. அதுவும் போதாதென்று பட்டால் "கூடக் குறைய" என்று நாலாவதையும் கட்டிவிடுவார். மூட்டை எத்தனை என்றால் நாப்பது அம்பது, சரக்கு எப்போது இறங்கும் என்றால் ரெண்டொரு நாள். மனிதருக்குக் கணக்கு வராது, நேரத்தின் அருமை தெரியாது என்று ஊரார் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பு தப்பு. இவ்வளவு கறாரான கணக்குப்பிள்ளையை அந்த ரோட்டிலேயே பார்க்க முடியாது.

மிளகை ஒரு பிடி அள்ளி உருட்டினாலே போதும். லிட்டருக்கு 550 கிராம் நிற்குமா, 500-க்கே மூச்சு வாங்குமா என்று சொல்லிவிடுவார். 1957-இல் தொடங்கிய மிளகு வணிகர் சங்கம் பக்கத்து யூதத் தெருவில்தான் முன்பேர வணிகம் நடத்தியது. இன்னும் சில மாதம் கழித்துக் கொடுக்கப்போகும் மிளகுக்கு இன்றே விலை பேசும் இடத்தில் 'வாக்குல' என்ற சொல்லுக்கு வேலை இல்லை. அப்படிப்பட்ட சந்தையில் பிழைப்பவருக்கு எண் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? அவருடைய மழுப்பலுக்கும் இலக்கணம் உண்டு. எட்டுப் பத்து என்பார். ஒன்பது பத்து என்று அவர் வாயில் வராது. ஒன்பது என்று சொன்னாலே ஏதோ எண்ணிப் பார்த்த மாதிரி ஆகிவிடுமே!

கடிகாரம் எதற்கு இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. பரதேசி யூத ஆலயத்தில் எசக்கியேல் ரஹாபி 1760-இல் கட்டிய மணிக்கூண்டு எபிரேயம், ரோமன், மலையாளம் என மூன்று வகை எண்களில் மணி காட்டவே எழுந்தது. அதுவும் பிறகு பல பத்தாண்டுகள் ஓடாமல் நின்றது. அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையில் வைத்துக் கணக்கிடப்படுகிறது. கொச்சி கிடப்பது 76.25-ஐ ஒட்டி. ஆகவே கடிகாரத்தில் 12 அடித்து ஏறத்தாழ 25 நிமிடம் ஆன பிறகே மட்டாஞ்சேரியில் சூரியன் உச்சிக்கு வருகிறது; அதிலும் மாதத்துக்கு மாதம் சில நிமிடம் முன்பின். சர்க்காரின் மணியே இந்த ஊரில் ஏகதேசம்தான். இந்த வாதத்தை மட்டும் அவரிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம். அவருக்கு அது தேவையும் இல்லை; எர்ணாகுளத்தில் ரயிலைப் பிடிக்கும் நாளில் அரைமணி முன்னதாகவே பிளாட்பாரத்தில் நிற்கிறவர்தானே அவர்.

தாமதத்தின் செலவு தன் தலையில் விழும் இடத்தில் அவர் நிமிடம் தவறுவதில்லை. அடுத்தவர் தலையில் விழுமானால் வாக்குல. எல்லாருக்கும் தெரிந்த பேச்சுத்தானே, பத்து என்றால் பதினொன்று என்று கேட்பவரே திருத்திக்கொள்கிறாரே, இதில் யாருக்கு நஷ்டம் என்பார்கள். பழகியவருக்கு நஷ்டமில்லை, வாஸ்தவம். சுமைத் தொழிலாளிகளிடம் அவர் ஏகதேசம் பேசுவதே கிடையாது. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி முன்பே நிர்ணயமாகியிருக்கிறது, பின்னால் 1978-ஆம் ஆண்டுச் சட்டமும் சங்கமும் நிற்கின்றன. இடுக்கியிலிருந்து முதல் தடவையாக மிளகு கொண்டுவந்தவருக்குச் சட்டமும் தெரியாது, பத்தைப் பதினொன்றாக்கும் வாய்ப்பாடும் தெரியாது. அவர் ஒன்பதே முக்காலுக்கே வந்து நிற்பார். அவருக்குச் சேர வேண்டிய பணம் "ஒரு வாரம் பத்து நாள்ல". அதே சரக்குக்குத் தமக்கு வர வேண்டிய தரகு எப்போது என்று ஏகதேசக்காரரைக் கேட்டுப் பாருங்கள்: ஏழாம் தேதி, காலை, பேங்கு திறந்ததும்.