பதரைக் கலந்தவரும் பாஸ்வேர்டு வச்சவனும்

ஏலே பேராண்டி, போட்டோவுக்குள்ள கடுதாசியை ஒளிச்சு வைக்குத சாப்ட்வேர் எழுதியிருக்கியாம்லா. கலிபோர்னியாவுல உக்காந்துகிட்டு நாலு தேசத்துக்கும் விக்கப் போறியாம். "இது என்கிரிப்ஷனே இல்லம்மா, எக்ஸ்போர்ட் சட்டம் என்னை ஒண்ணும் செய்யாது"ன்னு உங்கம்மாகிட்ட நெஞ்சை நிமித்துனியாமே.

நல்ல புத்திதான். ஆனா அமெரிக்க வர்த்தகத் துறைக்காரன் நீ ஒளிச்சியான்னு கேக்க மாட்டான், சாவி உண்டான்னுதான் கேப்பான். ரகசியமா ஒரு சாவி வச்சுத் தகவலை உருமாத்துனாத்தான் அவன் விதியில அது கிரிப்டோகிராபி. பிக்சலோட கடைசி பிட்டுல எழுத்தை வரிசையாச் சொருகிட்டே போனா அதுல சாவி ஏது? தப்பிச்சே. ஆனா எந்தப் பயலும் அதை உருவிப் படிச்சிருவானே, உன் சாமானை எவன் வாங்குவான்? அதனால பாஸ்வேர்டு கேக்கே. உள்ள வைக்கதுக்கு முந்தி ஏஇஎஸ் 256-ல பூட்டுதே. 56 பிட்டைத் தாண்டுன சாவியையே கணக்குல வைக்குதவன் முன்னால 256-ஓட போயி நிக்கே. மேல போட்டோவைப் போத்துனா பூட்டு மறைஞ்சிருமா?

"பூட்டல தாத்தா, எந்தெந்தப் பிக்சல்னு மட்டுந்தான் பாஸ்வேர்டு சொல்லும்"பே. அதுவும் ரகசியந்தானலே! அது உருமாத்துததா, வெறும் இடம் பாத்து வைக்குததான்னு வழக்காட ரெண்டு வக்கீல் வேணும். ரெண்டு பேருக்கும் மணிக்கு இத்தனை டாலர்னு அழணும்.

உன்னவிடக் கெட்டிக்காரர் ஒருத்தர் இருக்காரு. ஆர்எஸ்ஏ-ங்குத பூட்டு முறையோட பேருல முதல் எழுத்துக்குச் சொந்தக்காரரு, எம்ஐடி வாத்தியார் ரான் ரிவெஸ்ட். 1998-ல பலமான பூட்டை லைசென்ஸ் இல்லாம வெளிய அனுப்பக் கூடாது. 'இது நான் அனுப்புனதுதான்'னு முத்திரை குத்துததுக்குத் தடை கிடையாது. மனுசன் அந்தச் சந்துல நுழைஞ்சாரு. நல்ல பொட்டலத்துக்கு மெய்முத்திரை, பதருக்குப் பொய்முத்திரை, எல்லாத்தையும் கலந்து பட்டப்பகல்ல அனுப்பு. சாவி உள்ளவன் முத்திரையைச் சோதிச்சுப் பதரைத் தூத்திட்டு நெல்லை எடுத்துக்குவான். ஒத்த எழுத்தைக்கூடப் பூட்டல! நம்ம களத்துமேட்டு வேலையத்தான் அதுக்குப் பேராவும் வச்சாரு.

ஆனா அவரு சட்டத்தோட ஓட்டையைக் காட்ட வந்தவரு, நீ சரக்கு விக்க வந்தவன். 2000 ஜனவரியில விதியையே ரொம்பத் தளர்த்திட்டாவ. இப்ப சாதாக் கடைச்சாமான்னா பெரும்பாலும் லைசென்ஸே வேண்டாம். எந்த வகையில சேரும்னு ஒழுங்காப் பாத்து வச்சுக்கிட்டு, தடைபோட்ட தேசங்களுக்கு அனுப்பாம இருந்தாச் சரி. இந்தச் சோலிக்குப் பயந்தா குறுக்குவழி தேடுதே? தெரிஞ்சே மீறுனா 20 வருசம் வரைக்கும் உள்ள போடலாம், 10 லட்சம் டாலர் வரைக்கும் அபராதம்.

இல்ல, என்கிரிப்ஷனே இல்லன்னுதான் சாதிப்பியா? சாதி. அதுக்கு முந்தி, விளம்பரத்துல 'ராணுவத் தர என்கிரிப்ஷன்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கியாமே, அதை அழிச்சுட்டு வா.