கொஞ்சம் அகலமாவே தோண்டு பேராண்டி

ஏல பேராண்டி, வா வா. சென்னையில இருந்து கவாத்துக் கத்திரியும் தோல் கையுறையும் வாங்கிட்டு வந்திருக்கியாமே. விலையைக் கேட்டேன், மயக்கமே வந்திருச்சு. அந்தக் காசுக்கு நம்மூர்ல ஒரு வெள்ளாட்டங்குட்டி பிடிச்சிருக்கலாம். போன்சாய் வேலையில உனக்கு மூத்தது அதுதான். நம்பலைன்னா ஓடைக்கரைக் கொடுக்காப்புளியைப் போய்ப் பாரு. ஆடு கடிச்சுக் கடிச்சு இடுப்புக்கு மேல ஏற விடாம வச்சிருக்கு. அடிமரம் மட்டும் தொடைத் தண்டி. எந்த ஆடும் பீஸ் கட்டிக் கிளாசுக்குப் போகலை.

வாசல்ல நிக்குற காகிதப்பூ மேலதான உனக்குக் கண்ணு? நல்ல கண்ணுதான். உங்க ஆச்சி வாழ வந்த புதுசுல ஊனின குச்சி. தொட்டியிலேயே வச்சு வளத்து இந்தப் பருமன் கொண்டு வரணும்னா நீ பென்சன் வாங்குற வரைக்கும் காத்திருக்கணும். நிலத்துல வேர் இஷ்டத்துக்கு ஓடினாத்தான் அடி பெருக்கும். அதனாலதான் வெவரம் தெரிஞ்சவன் மண்ணுல பெருத்ததைத் தோண்டி, தலையை இறக்கித் தொட்டிக்குக் கொண்டு போறான்.

ஜப்பான்ல மலைமேல ஏறி எடுக்குறதுதான் ஒசத்தின்னு சொன்ன. இங்க மம்பட்டியோட ரிசர்வ் காட்டுக்குள்ள போய்ப் பாரு. வனக்காவலர் 1882-ஆம் வருசத்துச் சட்டத்தை உனக்கு நல்லாப் படிச்சுக் காட்டுவாரு. வெள்ளைக்காரன் போயிட்டான், அவன் சட்டம் போகலை. மரம் வேணும்னா வீடு இடிக்குற இடத்துல கேளு, மதில் வெடிப்புல காக்கா எச்சத்துல மொளைச்ச அரசைக் கேளு. ‘மகராசனா எடுத்துட்டுப் போ’ம்பாங்க. ஆனா பகல்ல, கேட்டுட்டு எடு.

மார்கழி லீவுல வந்து எடுக்கேன்னு நீ அப்பவே குதிச்ச. உன் ஆபீஸ் லீவு மரத்துக்குத் தெரியுமா? பனியில அது அசந்து கிடக்கும். இப்ப மாசி முடியப் போகுது, சூடு ஏறுது, கணுவுல பொட்டுப் பொட்டாப் புடைக்குது பாரு. இதான் சமயம்.

முதல்ல தலையை இறக்கு. ‘ஐயோ தாத்தா, பூவோட இருக்கே’ன்னு மூக்கை உறிஞ்சாத. வேரை வெட்டின பிறகு அம்புட்டு இலைக்கும் யாரு தண்ணி கொடுப்பா, உங்கப்பனா? காகிதப்பூ மொட்டைக் கட்டையில இருந்தும் துளுக்கும். பைன் மாதிரி ஊசியிலை மரத்துல இந்த வேலையைக் காட்டிராத, பச்சை இல்லாமப் போனா அது அப்படியே செத்துரும். ரம்பத்தைச் சாய்ச்சுப் போடு, வெட்டுவாயில தண்ணி நிக்கக் கூடாது. காகிதப்பூக் கட்டை சீக்கிரம் உளுத்துப் போற சாதி. நீ நினைச்ச உயரத்துக்குக் கொஞ்சம் மேலயே வெட்டு, மேல காஞ்சு வந்தாலும் மிச்சம் இருக்கும்.

இனி தோண்டு. புளி, விளான்னா சுத்துல பாதி வேரை இந்த வருசம், மீதியை அடுத்த வருசம்னு பதனமா வெட்டலாம். காகிதப்பூவுக்கு அம்புட்டு நாள் வேண்டாம். ஆனா அதோட வேர் பொடுக்குன்னு ஒடியும், மண்ணைக் கட்டியாப் பிடிச்சுக்கிட்டு வராது. அடிமரத்தைப் பிடிச்சு ஆட்டி இழுத்துராத. சுத்தி அகலமாத் தோண்டு, மூணடி இருக்கட்டும். ஆழமும் மூணடி. என்னது, வீடியோவுல ஓரடி ஆழம் போதும்னு சொன்னானா? அவன் மண்ணு வேற, நம்ம மண்ணு வேற. தாத்தா சொல்லுதேன்ல, தோண்டு.

தடி வேரை ரம்பத்தால குட்டையா, சுத்தமா அறு. அடிப்பக்கம் மட்டமா இருந்தாத்தான் பின்னால தட்டையான தொட்டியில உக்காரும். பக்கத்துல விரிஞ்சு ஓடுற வேரு பூராவும் சொத்து, அதுல கை வைக்காத. அந்த நீலக் கலர் பீங்கான் தட்டைப் பெட்டியிலேயே வையி. இப்பத்திக்கு ஓட்டை போட்ட பழைய பிளாஸ்டிக் டப்பு போதும். பருமணல், செங்கல் சில்லு, தண்ணி நிக்காம வடியணும். எருவை அள்ளிக் கொட்டாத, வேரெல்லாம் வெட்டுக்காயம், அழுகிப் போகும். அசையாம இருக்குறதுக்குக் கயித்தால டப்போட சேத்துக் கட்டு. மரம் ஆடினா புது வேர் அறும்.

இனிதான் கஷ்டமான வேலை: சும்மா இருக்குறது.

சில வாரத்துல பச்சை எட்டிப் பாக்கும். நீ உடனே போட்டோ எடுத்து ‘வேர் பிடிச்சாச்சு’ன்னு ஸ்டேட்டஸ் வைப்ப. ஜாமீன்ல வந்தவன் விடுதலையாயிட்டேன்னு பட்டாசு வெடிச்ச கதைதான் அது. தண்டுக்குள்ள சேத்து வச்ச கஞ்சியைக் குடிச்சுத்தான் அந்த இலை வருது, வேர் வந்துச்சுன்னு அர்த்தம் இல்ல. கஞ்சி தீர்ந்ததும் திடீர்னு சுருண்டுக்கும். நிறையப் பேர் மரத்தைப் பறிகொடுக்குறது அங்கதான். நிழல்ல வையி, உரம் வைக்காத, கம்பியை ஒரு வருசம் கண்ணுல காட்டாத. இல்லை, அடுத்த வாரமே பீங்கான் தட்டுல ஏத்தி வளைச்சுத்தான் தீருவேன்னா தாராளமாச் செய்யி. ஆச்சிக்கு வெந்நி போட வெறகு கொறையுது.

போன்ல ஒரு பைன் மரம் காட்டினியே, வாஷிங்டன்ல இருக்குன்னு. 1625-ல இருந்து பழக்கின மரமாம். அப்ப மதுரையில திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வந்து ரெண்டே வருசம். 1945-ல ஹிரோஷிமாவுல குண்டு விழுந்தப்ப, அதை வளத்த யமாகி குடும்பத்து வீட்டு மதில் மறைவுல நின்னு தப்பிச்சிருக்கு. 1976-ல அதைக் குண்டு போட்டவன் நாட்டுக்கே பரிசாக் கொடுத்துட்டாங்க. அந்தப் பெரிய மனசு நமக்கு வராது, அதை விடு. இத்தனை தலைமுறையில ஒருத்தனாவது ‘வேர் வந்துச்சா’ன்னு பிடுங்கிப் பாத்திருந்தா உனக்குக் காட்ட மரம் இருந்திருக்குமா?

சரி, குழி என்ன ஆச்சு? அட, மூணடி வந்துருச்சே! கரையைச் செதுக்கி நேராக்கு. மேல்மண்ணைத் தனியாக் குமி. ஏன்னு கேக்காத. மரத்தைத் தூக்கிட்டேல்ல, பெறகு குழியை எதுக்கு மூடுற? நாளைக்குக் காலையில தென்னம்பிள்ளை வருது. மூணடிக் குழிக்குக் கூலி ஆள் கேட்ட காசு, உன் கத்திரி விலையைவிடக் கூட. ஏல, முறைக்காத. அந்த எருவை இப்பக் கொண்டா, இதுக்குப் போடலாம்.