பழைய பெட்ரோலும் பசும்புல்லும்

கட்டிங் மேஜையிலிருந்து விழுகிற துண்டுத் துணிகூட எடைக்கு விலைபோய், பனியன் வேஸ்ட் என்ற திருநாமத்தோடு ஊரூராக மெக்கானிக்குகளின் கைமசியைத் துடைக்கப் புறப்பட்டுவிடுகிற திருப்பூரில், ஒரு கேன் பெட்ரோலை வேண்டாமென்று ஒதுக்கச் சொல்வது ஏறக்குறைய பிரம்மஹத்திக்குச் சமானமான பாபம்.

என் சிநேகிதர் ஒருவர் சிறிய ஏற்றுமதிக் கம்பெனி நடத்துகிறார். ஐரோப்பாவிலிருந்து வருகிற பையர்களின் கண் குளிர வேண்டுமென்று வாசலில் புல்தரை போட்டு, அதை மட்டமாக வெட்டுவதற்கு ஒரு பெட்ரோல் இயந்திரமும் வாங்கி வைத்தார். (நம் வெயிலில் அந்தப் புல்லைப் பிழைக்க வைக்கச் செலவாகும் தண்ணீரைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை, சிநேகம் பெரிது.) அந்த இயந்திரத்தின் தாகத்தைத் தீர்ப்பதற்காக, 2012-இன் மின்வெட்டுக் காலத்தில் ஜெனரேட்டருக்கென்று வாங்கி, பிற்பாடு மின்சாரம் சீரடைந்ததால் கோடவுன் மூலையில் தவம் கிடந்த ஒரு கேனை அவர் வெளியே எடுத்தபோது, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்த மெக்கானிக் முகத்தைச் சுளித்தார்.

"கெட்டுப்போச்சுங்ண்ணா."

"கெட்டுப்போறதுக்கு இதென்ன பாலா, கண்ணு?"

"பால் கெட்டாலும் தயிராகுமுங்க. இது கோந்துதான் ஆகும்."

ரசாயன சாஸ்திரம் பூராவும் அந்தப் பதிலில் அடங்கியிருந்தது. பெட்ரோலில் எளிதில் பற்றுகிற லேசான பகுதிகள் முதலில் ஆவியாகிப் பறந்துவிட, மிச்சமிருப்பது பிராணவாயுவோடு கூடிப் பிசினாகத் திரிந்து, ஊசியும் நுழையத் தயங்குகிற கார்புரேட்டர் ஜெட்டின் துவாரத்தை அடைத்துக்கொள்கிறது. இக்காலத்துப் பெட்ரோலிலோ 20 சதவிகிதம் எத்தனால். அது காற்றின் ஈரத்தை இழுத்து, அளவு மீறியதும் நீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடுவதால், எஞ்சின் முதல் மிடறாகக் குடிப்பது அதைத்தான். இறுக மூடிய கேனில் ஓரிரு மாதம் இருந்ததென்றால் பாதகமில்லை. நிறம் கறுத்துப் புளித்த நெடி வீசினால், புதியதோடு கலந்து ஒப்பேற்றலாம் என்ற யோசனையையும் கைவிட வேண்டியதுதான்.

இயந்திரம் வெடிக்குமோ என்று சிநேகிதர் பயந்தது அனாவசியம். பெரும்பாலும் அது கிளம்பவே கிளம்பாது. பயப்பட வேண்டிய இடம் கோடவுன். பூஜ்யத்துக்குச் சுமார் 40 டிகிரி கீழே குளிர்ந்திருக்கும்போதே தீப்பற்றத்தக்க ஆவியைக் கக்குவது பெட்ரோலின் சுபாவம்; அந்த ஆவி காற்றைவிடக் கனமானதாகையால், தரையோடு தவழ்ந்து பொறியைத் தேடிக்கொண்டு போகும். விற்பனைக்கல்லாமல் 30 லிட்டர் வரை லைசென்ஸின்றி வைத்துக்கொள்ள 1934-ஆம் வருஷத்துப் பெட்ரோலியம் சட்டம் இடங்கொடுக்கிறதே என்று அவர் வாதித்தார். சட்டம் பொறுக்கும், பக்கத்தில் அடுக்கியிருக்கிற பருத்தித் துணி பொறுக்காது.

ஆகையால் புல்வெட்டியை ஓய்வுக்கு அனுப்புமுன் டாங்கியை வடித்துவிட்டு, தானே நிற்கிறவரை அதை ஓடவிடுங்கள். பழைய கேனைக் கழிவெண்ணெய் எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் சேர்ப்பியுங்கள். சாக்கடையில் மட்டும் ஊற்ற வேண்டாம். அது போய்ச் சேருமிடம் நொய்யல். அந்த நதியின் பொருட்டுத்தான் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் இவ்வூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.